1945-இல் ஒரு சோவியத் டாங்கி கோரில் உண்மையில் எத்தனை டாங்கிகள்?

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், அதாவது 1944-45-இல், ஒரு சோவியத் டாங்கி கோரில் (பல டாங்கி பிரிகேடுகள் சேர்ந்த படைப்பிரிவு அது) எத்தனை கவச வண்டிகள் இருந்தன? ஒரு புத்தகத்தில் 207 என்று இருக்கிறது, இன்னொன்றில் 228, வேறொன்றில் 270. அப்புறம் பெர்லின் சண்டையைப் பற்றிப் படித்தால், அதே கோர் அதில் பாதிகூட இல்லாமல் தெருத்தெருவாகப் போராடிக்கொண்டிருக்கிறது. இதில் எதை நம்புவது?

எல்லாவற்றையும் நம்பலாம். எந்த எண் எதை எண்ணுகிறது என்று தெரிந்தால் போதும். பல வருடங்களாக இந்த விஷயத்தைப் படித்துவருகிறேன். இதைப் பற்றி நான் பார்த்த வாக்குவாதங்களில் பெரும்பாலானவை ஒருவர் காகிதத்தில் உள்ள எண்ணையும் மற்றவர் அன்று காலையில் ஓடிய வண்டிகளின் எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு மோதியதால் வந்தவை. அதனால் அடியிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம்.

முதலில் காகிதம். செஞ்சேனையில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் 'ஷ்டாட்' என்று ஓர் அமைப்புப் பட்டியல் உண்டு. எத்தனை ஆள், எத்தனை டாங்கி, எத்தனை லாரி, எத்தனை சமையல் வண்டி என்பதுவரை அதில் எழுதியிருக்கும். 1943 கோடைவரை ஒரு டாங்கி பிரிகேட் என்றால் 32 டி-34, 21 டி-70, ஆக 53 டாங்கிகள். டி-34 என்பது நடுத்தர எடையுள்ள முக்கிய டாங்கி, டி-70 என்பது இரண்டே பேர் உட்காரும் இலேசான டாங்கி. குர்ஸ்க் சண்டையில் அது எதிரியின் பீரங்கிக்கு முன்னால் நிற்க முடியாதது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. 1943 நவம்பரில் 010/500 என்ற எண்ணில் தொடங்கும் புதிய ஷ்டாட் வந்தது. அதில் இலேசான டாங்கிகளே கிடையாது. முழுக்க முழுக்க டி-34.

கணக்கு எளிமையானது. மூன்று டாங்கி சேர்ந்தால் ஒரு பிளாட்டூன். மூன்று பிளாட்டூனும் கம்பெனித் தலைவரின் டாங்கியும் சேர்ந்தால் பத்து, அது ஒரு கம்பெனி. இரண்டு கம்பெனியும் பட்டாலியன் தலைவரின் டாங்கியும் சேர்ந்தால் 21. மூன்று பட்டாலியன் என்றால் 63. பிரிகேட் தலைமையகத்துக்கு இரண்டு. மொத்தம் 65. இந்த 65 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போரின் கடைசி ஒன்றரை வருடமும் இதைச் சுற்றித்தான் எல்லாக் கணக்கும் ஓடுகிறது. எல்லா பிரிகேடுகளும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1944 முழுக்கப் பழைய அமைப்பில் சிலவும் புதிய அமைப்பில் சிலவும் இருந்தன. ஆனால் போகும் திசை இதுதான்.

டாங்கி கோர் என்றால் மூன்று டாங்கி பிரிகேட், கூடவே ஒரு மோட்டார் காலாட்படை பிரிகேட். மூன்று தடவை 65 என்றால் 195. கோரின் வேவு பட்டாலியனுக்கும் தலைமையகத்துக்கும் உள்ள சொச்சத்தைச் சேர்த்தால் 207. நீங்கள் பார்த்த முதல் எண் இது. இது டாங்கிகளை மட்டும் எண்ணுகிறது.

ஆனால் கோரில் டாங்கி மட்டும் இல்லை. தானே நகரும் பீரங்கி வண்டிகளும் உண்டு, எஸ்யூ என்று பெயர் தொடங்கும் ரகங்கள். டாங்கிக்குச் சுழலும் கோபுரம் உண்டு. இவற்றுக்கு இல்லை, பீரங்கி முன்பக்கம் பார்த்துப் பொருத்தியிருக்கும். கோபுரம் இல்லாததால் அதே அடிச்சட்டத்தில் இன்னும் பெரிய பீரங்கியை ஏற்ற முடியும். ஒரு முழு கோரில் இப்படி மூன்று ரெஜிமென்ட் இருக்கும்: எஸ்யூ-76 ஒன்று, எஸ்யூ-85 அல்லது 1944 கடைசியிலிருந்து எஸ்யூ-100 ஒன்று, கனமான ஐஎஸ்யூ ரகத்தில் ஒன்று. ஒவ்வொரு ரெஜிமென்டிலும் 21 வண்டி. மூன்றும் சேர்ந்தால் 63. 207-உம் 63-உம் சேர்ந்தால் 270. இதுதான் அந்த 270.

அப்படியானால் 228 எங்கிருந்து வந்தது? சில கோர்களில் கனமான ஐஎஸ்யூ ரெஜிமென்டுக்குப் பதிலாக ஐஎஸ்-2 கனரக டாங்கிகளின் ரெஜிமென்ட் ஒன்று இருந்தது. அதிலும் 21 வண்டிதான். ஆனால் அது டாங்கி என்பதால் டாங்கிப் பத்தியில் போய்ச் சேருகிறது. 207-உம் 21-உம் 228. எஸ்யூ பத்தியில் 42. மொத்தம் மறுபடியும் அதே 270. மூன்று புத்தகமும் ஒரே கோரைத்தான் சொல்கின்றன, கோடு கிழித்த இடம்தான் வேறு.

இயந்திரமயக் கோரின் கணக்கு கொஞ்சம் வேறு. அதில் காலாட்கள் அதிகம், டாங்கிகள் குறைவு. மூன்று இயந்திரமய பிரிகேடில் ஒவ்வொன்றுக்கும் முப்பத்தைந்திலிருந்து நாற்பது டாங்கி கொண்ட ஒரு ரெஜிமென்ட், கூடவே 65 டாங்கியோடு தனியாக ஒரு டாங்கி பிரிகேட். 1945-இல் காகிதப்படி சுமார் 183 டாங்கியும் 63 எஸ்யூவும். ஆள்பலம் மட்டும் டாங்கி கோரைவிட ஏறத்தாழ நாலாயிரம் பேர் அதிகம், பதினாறாயிரத்துக்கும் மேல்.

இங்கே பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், நிறையப் பேர் இதில்தான் தடுமாறுகிறார்கள். 'கோர்' என்ற சொல்லைக் கேட்டால் மற்ற ராணுவங்களின் வழக்கப்படி இரண்டு மூன்று டிவிஷன்கள் சேர்ந்த பெரிய அமைப்பு என்று நினைப்போம். சோவியத் டாங்கி கோர் அப்படி இல்லை. சுமார் பன்னிரண்டாயிரம் ஆள்கள், 270 வண்டி. அளவில் அது ஒரு ஜெர்மன் பான்ஸர் (டாங்கி) டிவிஷனோடு ஒப்பிட வேண்டிய ஒன்று. 'பிரிகேட்' என்பது பெரிய பட்டாலியனுக்குச் சமம். 'டாங்கி ராணுவம்' என்பது ஒரு ஜெர்மன் பான்ஸர் கோருக்கு நேர் நிற்கும். இந்த ஒரு படி வித்தியாசத்தை மறந்துவிட்டு, "ஒரு ஜெர்மன் டிவிஷன் இரண்டு சோவியத் கோர்களைத் தடுத்து நிறுத்தியது" என்று படித்தால் படம் தலைகீழாகத் தெரியும்.

ஐஎஸ்-2 பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இவை பெரும்பாலும் கோருக்குள் நிரந்தரமாக இருப்பதில்லை. தனி கார்ட்ஸ் கனரக டாங்கி ரெஜிமென்ட் என்ற பெயரில் மேலிடத்தின் கையில் இருக்கும் ('கார்ட்ஸ்' என்பது சிறப்புப் படைப்பிரிவுகளுக்குத் தரும் கௌரவப் பட்டம்). உடைக்க வேண்டிய இடம் எங்கே இருக்கிறதோ அங்கே அனுப்புவார்கள். ஐந்து டாங்கி கொண்ட நான்கு கம்பெனி, ரெஜிமென்ட் தலைவருக்கு ஒன்று, ஆக 21. ரெஜிமென்ட் என்ற பெரிய பெயருக்கு இருபத்தோரு வண்டிதானா என்று கேட்கலாம். ஒரு வண்டிக்குள் எட்டிப் பார்த்தால் புரியும். 122 மில்லிமீட்டர் பீரங்கி. குண்டு வேறு, வெடிமருந்துக் குப்பி வேறு, இரண்டாகப் பிரித்துத்தான் வைக்க முடியும். குண்டு மட்டும் இருபத்தைந்து கிலோ. குண்டை முதலில் தள்ளி, பிறகு குப்பியைத் தள்ளி, அடைத்துச் சுட வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு, மூன்று தடவை சுட்டாலே பெரிய விஷயம். உள்ளே மொத்தம் 28 சுற்றுதான் இடம். நான்கு பேரில் தளபதியும் ஓட்டுநரும் பெரும்பாலும் அதிகாரிகள். இருபத்தெட்டுத் தடவை சுட்ட பிறகு அந்த வண்டி பின்னால் போய் நிரப்பிக்கொண்டு வந்தே ஆகவேண்டும். கான்கிரீட் அரணையும் பதுங்கு வீட்டையும் உடைக்க அதைப் போல ஒன்று கிடையாது. நாள்முழுக்க டாங்கிச் சண்டை போட அது செய்யப்படவில்லை. எண்ணிக்கையில் 21 டி-34-உம் 21 ஐஎஸ்-2-உம் சமம் என்று காகிதம் சொல்லும். களத்தில் அவை இரண்டும் வேறு வேறு வேலைக்காரர்கள்.

1944 டிசம்பரில் இந்த ரெஜிமென்ட்களை மூன்று மூன்றாகச் சேர்த்துக் கனரக டாங்கி பிரிகேடுகளும் உருவாக்கினார்கள். அதிலும் அதே 65, இம்முறை எல்லாம் ஐஎஸ்-2. அவற்றில் 7-வது கார்ட்ஸ் கனரக பிரிகேட் வடக்கே கரேலியாவில் போரிட்ட பழைய படைப்பிரிவிலிருந்து வந்தது. கோபுரத்தில் செந்நட்சத்திரத்தின் மேல் வெள்ளைத் துருவக் கரடி வரைந்த டாங்கிகளைப் பெர்லின் படங்களில் பார்த்திருப்பீர்கள், அவை இந்தப் பிரிகேடின் வண்டிகள். அதே மாதத்தில் எஸ்யூ-100 வண்டிகள் 65 வீதம் கொண்ட மூன்று பிரிகேடுகளும் பிறந்தன: 207, 208, 209. 1945 மார்ச்சில் ஹங்கேரியின் பாலட்டன் ஏரிப் பக்கம் ஜெர்மானியர் நடத்திய கடைசிப் பெரிய தாக்குதலில் இவை முன்னால் நின்றன.

சரி, காகிதம் முடிந்தது. இனிதான் முக்கியமான விஷயம்.

ஒரு பிரிகேடின் பலத்தைச் சொல்ல மூன்று எண் வேண்டும். முதலாவது ஷ்டாட்டில் உள்ளது, 65. இரண்டாவது பட்டியலில் உள்ளது, அதாவது அந்தப் பிரிகேடின் கணக்கில் இன்று உண்மையாக இருக்கும் வண்டிகள், எங்கே எந்த நிலையில் கிடந்தாலும் சரி. மூன்றாவது, இன்று ஓடி, சுட்டு, சண்டைக்குப் போகக்கூடியவை. தினமும் மாலையில் தொழில்நுட்ப அதிகாரி மேலே அனுப்பும் அறிக்கையில் இதெல்லாம் பத்தி பத்தியாக இருக்கும்: பட்டியலில் எத்தனை, தயாராக எத்தனை, சின்னப் பழுதில் எத்தனை, நடுத்தரப் பழுதில் எத்தனை, தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டிய பெரும் பழுதில் எத்தனை, திரும்பக் கிடைக்காமல் போனவை எத்தனை.

புரிவதற்காக நானே ஒரு உதாரணம் போடுகிறேன். ஒரு பிரிகேட், காகிதத்தில் 65. பத்து நாள் சண்டைக்குப் பிறகு பட்டியலில் 48. அதில் 27 தயார், 12 சின்னப் பழுது, 6 நடுத்தரம், 3 பெரும் பழுது. இந்தப் பிரிகேடின் பலம் என்ன? ஷ்டாட்டை வைத்து எழுதும் ஆசிரியர் 65 என்பார். எதிர்ப்பக்க ஆவணத்தை வைத்து எழுதுபவர், அன்று தாக்க வந்த 27-ஐ மட்டும் பார்த்து, மீதி 38-ஐயும் அழித்துவிட்டோம் என்று எழுதுவார். உண்மையில் போனவை 17. அந்த 12 சின்னப் பழுதில் ஒன்பதை இரண்டு நாளில் சரிசெய்துவிட்டால், புதிதாக ஒரு டாங்கிகூட வராமலே பலம் 36 ஆகிவிடும். 'செத்த' பிரிகேட் மூன்றாம் நாள் மறுபடியும் தாக்க வரும். ஜெர்மானியத் தளபதிகள் போருக்குப் பிறகு எழுதியவற்றில் 'முடிவில்லாத டாங்கி வெள்ளம்' என்று சொன்னதன் பின்னால் இந்தப் பழுதுபார்ப்புப் பட்டறைகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்தப் பட்டறையை ஒரு தடவை கண்முன் கொண்டுவாருங்கள். சண்டை நகர்ந்துபோன வயல். கோபுரத்தைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியாக்கிய ஒரு பழைய டி-34, இரும்புக் கயிற்றால் அடிபட்ட டாங்கியை ஒரு தோப்போரத்துக்கு இழுத்து வருகிறது. பழுதான வண்டிகளைச் சேர்க்கும் இடம் அது. லாரியின் பின்னால் கடைசல் பட்டறை, பற்றவைக்கும் கருவி, கை பளுதூக்கி. டீசல் எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்து வேறொன்றை இறக்குகிறார்கள். குண்டு துளைத்த இடத்தில் இரும்புத் துண்டை அடைத்துப் பற்றவைக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: உள்ளே கழுவ வேண்டும். அந்தத் துளை வழியாக வந்த குண்டு உள்ளே இருந்தவர்களை என்ன செய்தது என்பதை மெக்கானிக்குகள்தான் முதலில் பார்த்தார்கள். கழுவி, வெள்ளைப் பெயின்ட் அடித்து, புதிய குழுவிடம் ஒப்படைத்தார்கள். எரிந்த டாங்கி மட்டும் பெரும்பாலும் திரும்பாது. தீயில் கவசத்தின் உறுதி போய்விடும், உள்ளே குண்டுகள் வெடித்திருந்தால் கோபுரமே தூக்கி எறியப்பட்டிருக்கும். அதனால்தான் இரண்டு பக்கத்துப் பீரங்கிக்காரர்களும் டாங்கி தீப்பிடிக்கும்வரை விடாமல் சுட்டார்கள். நின்றுபோன டாங்கி நாளைக்கு மறுபடியும் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

டாங்கி போய் ஆள் தப்பியவர்களுக்கு செஞ்சேனையில் ஒரு பெயர் இருந்தது: 'குதிரையில்லாதவர்கள்'. எண்கள் குறைந்துகொண்டே போகும்போது கோர் தளபதி வழக்கமாகச் செய்தது இது: மூன்று பிரிகேடிலும் மிஞ்சிய ஓடும் வண்டிகளைத் திரட்டி ஒரே பிரிகேடிடம் கொடுத்துவிடுவார். மற்ற இரண்டின் தலைமையகமும் குதிரையில்லாதவர்களும் பின்னால் போய், புதிய வண்டிகளுக்காகக் காத்திருப்பார்கள். அப்போது ஆவணத்தில் ஒரு பிரிகேடுக்கு நாற்பது டாங்கி, மற்ற இரண்டுக்கும் பூச்சியம் என்று தெரியும். இதைப் பார்த்து அந்த இரண்டும் அடியோடு அழிந்தன என்று எழுதிய கட்டுரைகளை நானே படித்திருக்கிறேன். அவை அழியவில்லை. அனுபவமுள்ள குழுக்களும் மெக்கானிக்குகளும் அதிகாரிகளும் அப்படியே இருந்தார்கள். வண்டி வந்தால் ஒரே வாரத்தில் மறுபடியும் பிரிகேட்.

வண்டி வந்தது, அதுதான் கதையின் மறுபாதி. நீஷ்னி தாகில், கோர்க்கி, ஓம்ஸ்க் தொழிற்சாலைகளிலிருந்து டி-34-கள், செல்யாபின்ஸ்கிலிருந்து ஐஎஸ் ரகங்கள். தொழிற்சாலைப் பக்கத்திலேயே பயிற்சி ரெஜிமென்ட்கள் இருந்தன. குழுக்கள் பல நேரம் தாங்கள் ஏறப்போகும் வண்டியைப் பூட்டும் வேலையிலேயே கூட நிற்பார்கள். பிறகு பத்துப் பத்து டாங்கியாக 'அணிவகுப்புக் கம்பெனி' என்று ரயிலில் ஏறிப் போர்முனைக்கு வந்து, எந்தப் பிரிகேடுக்குத் தேவையோ அதில் கரைந்துவிடுவார்கள்.

நாட்டு அளவிலான கணக்கையும் பார்த்துவிடலாம். போருக்குப் பல வருடம் கழித்து ரஷ்ய ராணுவத்தினர் கிரிவஷேயெவ் தலைமையில் ஆவணக் காப்பகத்திலிருந்து தொகுத்த எண்கள் இவை. 1944 தொடக்கத்தில் கையில் 24,400 டாங்கி, எஸ்யூ. அந்த வருடத்தில் தொழிற்சாலையிலிருந்தும் நேசநாடுகளிடமிருந்தும் மற்ற வழிகளிலும் சேர்ந்தவை 34,700. திரும்பக் கிடைக்காமல் இழந்தவை 23,700. 1945 தொடக்கத்தில் கையில் 35,400. அந்த 23,700-ஐ ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சோவியத் யூனியன் வென்றுகொண்டிருந்த வருடம் அது. வருடத் தொடக்கத்தில் கையில் இருந்த அளவுக்கு ஏறத்தாழ அப்படியே ஒரு முழுப் படையை அந்த வருடமே இழந்திருக்கிறார்கள். வண்டிக்கு நான்கு அல்லது ஐந்து பேர் என்று பெருக்கிப் பார்த்தால், எல்லோரும் சாகவில்லை என்றாலும், இந்த எண் வெறும் இரும்புக் கணக்கு இல்லை என்பது தெரியும்.

அந்த 35,400 எல்லாம் ஹிட்லர் படைக்கு எதிரே நின்றன என்று நினைக்க வேண்டாம். 1945 தொடக்கத்தில் போர்முனைப் படைகளிடம் இருந்தவை சுமார் 11,000 என்று சோவியத் அதிகாரபூர்வ வரலாறு சொல்கிறது. மற்றவை தூரக்கிழக்கில் ஜப்பானைப் பார்த்தபடி, பயிற்சிப் பள்ளிகளில், உள்நாட்டு ராணுவ மாவட்டங்களில், தலைமையக ரிசர்வில், ரயில் பாதைகளில், பட்டறைகளில். பழைய பிடி, டி-26 ரகங்கள்கூட தூரக்கிழக்கில் இன்னும் பட்டியலில் இருந்தன.

இனி டாங்கி ராணுவங்கள். 1945-இல் மொத்தம் ஆறு. 1945 ஜனவரியில் போலந்தில் விஸ்துலா ஆற்றிலிருந்து புறப்பட்டபோது ரிபால்கோவின் 3-வது கார்ட்ஸ் டாங்கி ராணுவத்திடம் 922 டாங்கி, எஸ்யூ. பக்தானவின் 2-வது கார்ட்ஸிடம் 838. கத்துக்கோவின் 1-வது கார்ட்ஸிடம் 752. மேலே போட்ட கணக்கை இங்கே சரிபார்த்துக்கொள்ளலாம். ரிபால்கோவிடம் இரண்டு டாங்கி கோர், ஒரு இயந்திரமயக் கோர். 270, 270, 246, ஆக 786. ராணுவத்தின் நேரடிக் கையில் உள்ள இலேசான எஸ்யூ பிரிகேட், கனரக ரெஜிமென்ட், மோட்டார் சைக்கிள் ரெஜிமென்ட் ஆகியவற்றைச் சேர்த்தால் தொள்ளாயிரத்தைத் தொடும். அதாவது அன்று அந்த ராணுவம் காகிதத்துக்குச் சமமாக நிரம்பி நின்றது. கத்துக்கோவிடம் கோர்களே இரண்டுதான், அதனால்தான் எண் குறைவு. 752 என்பதைப் பார்த்து அது அடிபட்டுக் கிடந்த ராணுவம் என்று முடிவுசெய்தால் தப்பாகிவிடும்.

இப்படி நிரம்பி நிற்பது அந்தப் போரில் அபூர்வமான நிலை. பெரிய தாக்குதலுக்கு முன்னால் இரண்டு மூன்று மாதம் மூச்சு விட்டால்தான் கிடைக்கும். ஜனவரித் தாக்குதல் முழுவதிலும் இரண்டு போர்முனைகளும் (பல ராணுவங்கள் சேர்ந்த பெரும்படையைச் சோவியத்தில் இப்படித்தான் அழைத்தார்கள்) சேர்ந்து ஏறத்தாழ 7,000 வண்டிகளோடு இறங்கின. 23 நாளில் ஓடர் ஆறுவரை ஐந்நூறு கிலோமீட்டர் போனார்கள். திரும்பக் கிடைக்காத இழப்பு 1,267. அந்த வேகத்துக்கு இது குறைவு என்றே சொல்வேன். ஆனால் ஓடர் கரையில் போய் நின்றபோது ஓடிய வண்டிகளின் எண்ணிக்கை அதைவிட மிகவும் அதிகமாகக் குறைந்திருந்தது. காரணம் எதிரி மட்டும் இல்லை. ஐந்நூறு கிலோமீட்டர் தூரமே எஞ்சினையும் கியர் பெட்டியையும் சங்கிலித் தடத்தையும் தின்றுவிடும். பட்டறைகள் நூறு, இருநூறு கிலோமீட்டர் பின்னால் தங்கிவிட்டன. வழிநெடுக நின்ற வண்டிகள் எல்லாம் பட்டியலில் உண்டு, ஓடரில் இல்லை. பிப்ரவரியிலேயே பெர்லினுக்குப் போயிருக்கலாமே என்ற பழைய வாதத்தில், பக்கவாட்டில் பொமரேனியாவில் இருந்த ஆபத்தோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெர்லின் தாக்குதலும் 23 நாள்தான், ஏப்ரல் 16-இலிருந்து மே 8 வரை. இறங்கியவை 6,250. திரும்பக் கிடைக்காதவை 1,997. ஏறத்தாழ மூன்றில் ஒன்று. தூரம் குறைவு, இழப்பு அதிகம். சீலோ மேட்டில் ஏறும்போதே நிறையப் போனது, அப்புறம் தெருச் சண்டை. ஜன்னலிலிருந்தும் நிலவறையிலிருந்தும் பத்து இருபது மீட்டர் தூரத்தில் பான்ஸர்ஃபாஸ்ட் எறிகுண்டை ஏவுகிறவன் ஒரு பதினாறு வயதுப் பையனாக இருக்கலாம், முதியவராக இருக்கலாம். அந்தத் தூரத்தில் டி-34-க்கும் ஐஎஸ்-2-க்கும் வித்தியாசம் இல்லை. குழுக்கள் கோபுரத்தைச் சுற்றிக் கம்பி வலையையும் மெல்லிய தகட்டையும் பற்றவைத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு பிரிகேட் என்பது கம்பெனி அளவுக்குச் சுருங்கி, காலாட்களோடும் பொறியியல் வீரர்களோடும் சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து, ஒரு தெருவுக்கு மூன்று டாங்கி என்று போராடியது. நீங்கள் கேட்ட அந்தப் 'பாதிகூட இல்லாத' கோர் இதுதான்.

அமெரிக்க ஷெர்மன்களையும் விட்டுவிடக் கூடாது. 'சோவியத் டாங்கி' என்றாலே டி-34 என்று நினைத்து இவற்றை எண்ணாமல் விடுகிறவர்கள் உண்டு. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஷெர்மன்கள் அங்கே போயின. கடைசிக் கட்டத்தில் அவற்றைச் சிதறவிடாமல் முழுக் கோர்களாகவே கொடுத்தார்கள்: 1-வது கார்ட்ஸ் இயந்திரமயக் கோர், 9-வது கார்ட்ஸ் இயந்திரமயக் கோர், பெர்லினில் போரிட்ட கிரிவஷேயினின் 1-வது இயந்திரமயக் கோர். உதிரி பாகமும் மெக்கானிக்கின் பழக்கமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதால் அப்படி. எம்-4 என்ற பெயரை ரஷ்ய உச்சரிப்பில் சுருக்கிக் குழுக்கள் அதை 'எம்சா' என்று அழைத்தார்கள்.

அந்த 9-வது கார்ட்ஸ் கோர் இருந்தது கிராவ்சென்கோவின் 6-வது கார்ட்ஸ் டாங்கி ராணுவத்தில். ஒரே ராணுவம் ஐந்து மாதத்தில் எப்படி மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1945 மார்ச்சில் வியன்னாவை நோக்கிப் புறப்பட்டபோது அதனிடம் சுமார் 400 டாங்கி, எஸ்யூதான். 'டாங்கி ராணுவம்' என்ற பெயர், ஒன்றரைக் கோருக்கான வண்டிகள். போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவில் பழைய வண்டிகளை விட்டுவிட்டு, ஆள்கள் மட்டும் ரயிலேறி மங்கோலியாவுக்குப் போனார்கள். அங்கே புது டாங்கிகள் காத்திருந்தன. 7-வது இயந்திரமயக் கோரும் இரண்டு மோட்டார் காலாட்படை டிவிஷன்களும் கூடச் சேர்ந்தன. ஆகஸ்ட் 9-ஆம் தேதி மஞ்சூரியாவுக்குள் நுழைந்தபோது கணக்கு 1,019.

அந்த 1,019 வண்டிகளும் பாலைவனத்தைக் கடந்து பெரிய கிங்கன் மலைத்தொடரில் ஏறின. மழையில் சேறான கணவாய்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி மறுபக்கம் இறங்கியபோது டீசல் தீர்ந்துவிட்டது. எரிபொருள் லாரிகள் மலைக்கு அந்தப் பக்கம் சேற்றில் கிடந்தன. போக்குவரத்து விமானங்களில் பீப்பாய் பீப்பாயாக எண்ணெய் கொண்டுவந்து இறக்கினார்கள். அது போதாமல், மிச்சம் இருந்ததை முன்னணிப் பிரிவுகளின் டாங்கிகளுக்குக் கொடுத்து முன்னே அனுப்பினார்கள். மற்றவை சமவெளியின் ஓரத்தில் விமானத்துக்காகக் காத்து நின்றன, எந்தப் பழுதும் இல்லாமல், அன்றைய அறிக்கையின் 'தயார்' பத்தியில்.